முதலில் கையைக் காட்டுங்க

கம்புக்கூட்டில் கட்டி என்று வருகிறவரிடம் அந்த மருத்துவர் கம்புக்கூட்டை முதலில் பார்ப்பதில்லை. "கையைக் காட்டுங்க" என்பார். வந்தவர் வலியோடு தோளைத் தூக்கப் போவார். "அது பொறவு. மொதல்ல உள்ளங்கையை விரிங்க." விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை மடிப்பு என்று சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வலி ஓரிடத்தில் இருக்க இவர் கைரேகை பார்க்கிறாரே என்று துணைக்கு வந்தவர் முகத்தில் சந்தேகம் ஓடும்.

கோவில்பட்டியில் வெகுகாலமாக அறுவை மருத்துவராக இருப்பவர் அவர். படித்தது திருநெல்வேலி ஹைகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியில். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிளினிக். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான் அவரிடம் அதிகம். தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற பெண்ணுக்கு விரல் நுனியில் சிராய் ஏறியிருக்கும். பருத்தி எடுக்கிறவருக்கு, வெடித்த காயின் காய்ந்த ஓடு நகக்கண்ணைக் கிழித்திருக்கும். மக்காச்சோளம் ஒடிக்கிறவர் கையில் தோகை அறுத்த கீறல்கள். ஆடு மேய்க்கிறவருக்கும் விறகு வெட்டுகிறவருக்கும் சீமைக்கருவேல முள். இதையெல்லாம் கரிசக்காட்டில் யாரும் காயமென்று கணக்கில் வைப்பதில்லை. கேட்டால், "ஒரு காயமும் இல்லீங்களே" என்று மனதறிந்துதான் சொல்வார்கள். அதனால்தான் அவர் கேட்பதோடு நிறுத்தாமல் பார்க்கிறார்.

ஒவ்வொரு கம்புக்கூட்டிலும் ஏறக்குறைய 20 முதல் 40 நிணநீர்க் கணுக்கள் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கின்றன. கை முழுவதிலிருந்தும் வரும் நிணநீர் அங்கேதான் வடிகிறது. மார்பகத்தின் பெரும்பகுதி, நெஞ்சின் முன்புறம், தொப்புளுக்கு மேலுள்ள வயிற்றுத் தோல், முதுகின் மேற்பாதி எல்லாவற்றுக்கும் அதுவே வடிகால். கண்மாய்த் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தால் மேலே எந்த ஓடைக்கரை உடைந்தது என்று தேடிப் போவது இந்த வானம் பார்த்த பூமிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவர் செய்வதும் அதுதான். காலில் முள் தைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது இங்கே எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கைக்கும் அதே கணக்கு என்பது மட்டும் ஏனோ பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போடுகிற ஒருவர் வந்திருந்தார். இடது கம்புக்கூட்டில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. கையைத் தொங்கப்போட முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கட்டி மேல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருந்தார். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கி மேல் தோல் உரிந்து வந்திருந்தது.

"கையில முள்ளு ஏதும் குத்துச்சா அண்ணாச்சி?"

"முள்ளு குத்தாத நாளு எது டாக்டரய்யா?"

பெருவிரல் அடிச்சதையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. அழுத்தியதும் அவர் துள்ளினார். பத்து நாளைக்கு முந்தி குத்திய முள்ளை ஊக்கால் நெம்பி எடுத்திருக்கிறார். வெளியே வந்தது பாதி. மீதிப் பாதி உள்ளேயே இருந்து சீழ் வைத்துவிட்டது. மரத்துப்போகும் ஊசி போட்டு, விரலில் சிறிதாகக் கீறியதும் சீழோடு முள் முனை வந்து விழுந்தது. ஒரு டிடி ஊசி, ஒரு வாரத்துக்கு மாத்திரை. கம்புக்கூட்டைக் கத்தி தொடவே இல்லை. மூன்றாம் நாளே வலி விட்டது. கட்டி கரைய மட்டும் மேலும் கொஞ்ச நாள் ஆனது. சுண்ணாம்புப் புண் ஆற அதைவிட அதிக நாள் ஆனதுதான் வேடிக்கை.

இப்படி நெறி கட்டும் இடம் நோயின் இடம் அல்ல; நெறி கட்டுவது தடுப்புச் சுவர் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். கிருமி வந்து சேர்ந்ததும் கணு வேகமாக வீங்குகிறது, அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை இழுபடுகிறது, வலி அந்த இழுப்பில் பிறக்கிறது. நகச்சுற்று வந்தவருக்கு முன்கையில் ஒரு சிவப்புக் கோடு மேல்நோக்கி ஓடுவதைச் சில சமயம் பார்க்கலாம். நிணநீர்க் குழாய் வழியே தொற்று ஏறுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவரை விரலில் எலுமிச்சம்பழம் சொருகிக்கொண்டு வீட்டில் உட்கார அவர் விடமாட்டார். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே படுக்கையில் சேர்த்து நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டிய விஷயம் அது.

கையில் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால்தான் கம்புக்கூட்டுக்கு வருவார். அதற்கும் ஒரு முறை உண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டச் சொல்வது தோலைப் பார்ப்பதற்கு மட்டும். தடவிப் பார்க்கும்போது கை தூக்கியிருந்தால் தோலும் சதையும் விறைத்து உள்ளே இருப்பது விரலுக்குத் தட்டாது. அதனால் நோயாளியின் கையைத் தன் முன்கை மேல் சாய்த்துக்கொண்டு, சதை தளர்ந்த பிறகு, விரல்களைக் குழியின் உச்சிவரை கொண்டுபோய் நெஞ்சுக்கூட்டோடு அணைத்தபடி மெதுவாகக் கீழே இறக்குவார். இடது பக்கத்துக்கு வலது கை, வலது பக்கத்துக்கு இடது கை. கட்டி தோலோடு சேர்ந்து நகர்கிறதா, தோலுக்கு அடியில் தனியே உருள்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. தோலோடு நகர்ந்தால் அது பெரும்பாலும் தோலின் சங்கதி: மயிர்க்கால் கட்டி, கொழுப்பு அடைத்த நீர்க்கட்டி, வேனல் காலத்துக் கொப்புளம். தனியே உருண்டால் நெறி.

கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் முந்திய வாரங்களில் மயிர்க்கால் கட்டிகள் வரிசை கட்டும். காரணம் பிளேடுதான். மயிர் வளர்ந்த திசைக்கு எதிராக இழுத்துச் சிரைப்பதில் தோல் கண்ணுக்குத் தெரியாமல் கீறுகிறது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே புகுந்துகொள்கிறது. வெந்நீர் ஒத்தடத்தில் சில கட்டிகள் அமுங்கிவிடும். சில பழுக்கும். பழுத்ததைக் கீறிச் சீழை வெளியேற்றினால்தான் தீரும். சீழ் தேங்கிய குழிக்குள் மாத்திரையின் மருந்து போதுமான அளவு போய்ச் சேராது. மெடிக்கலில் இரண்டு நாளைக்கு இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, மேலே கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, கட்டி பெரிதானதும் வருகிறவர்களைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் சிஸ்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்.

அதே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தால் மேசை டிராயரிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவி வெளியே வரும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. அதில் எத்தனையோ பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், மூன்றாவது தடவையாகக் கட்டியோடு வந்தவர், "எனக்குச் சீனி எல்லாம் கெடையாது, நான் காப்பிக்கே சீனி போடுறதில்ல" என்று அடித்துப் பேசினார். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தம் முந்நூறைத் தாண்டிக் காட்டியது. கட்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்கு அன்று வேறொரு வைத்தியம் தொடங்கியது.

சர்க்கரை இல்லை, பிளேடு இல்லை, கையில் காயமும் இல்லை. ஆனால் வருடக்கணக்காக இரண்டு கம்புக்கூட்டிலும் மாறி மாறிக் கட்டி, உடைந்து, ஆறி, மறுபடி கட்டி. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவார்கள். இது ஹைட்ராடினைட்டிஸ் சுப்புரடிவா என்ற நீண்டகால நோய். 1839இல் வெல்போ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை எழுதி வைத்தார்; 1854இல் வெர்னய் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வியர்வைச் சுரப்பியில்தான் கோளாறு என்றார். வெகுகாலம் அப்படியே நம்பப்பட்டது. மயிர்க்கால் அடைத்துக்கொண்டு தோலுக்கடியில் உடைந்து, உடலின் எதிர்ப்பு சக்தி அளவுமீறிக் கொதிப்பதுதான் இதன் வேர் என்பது பிந்தித் தெரிந்தது. தோலுக்கடியில் ஒரு கட்டிக்கும் இன்னொரு கட்டிக்கும் இடையே சுரங்கம் ஓடிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது நல்ல துப்பு.

இந்த நோயில் அவருக்குக் கோபம் வருவது நோயின் மீதல்ல. "சரியாக் குளிக்கிறதில்லையா?" என்று அந்தப் பெண்களிடம் யார் யாரோ கேட்டிருப்பார்கள். வீட்டில், ஹாஸ்டலில், சில சமயம் மருத்துவம் பார்க்கிற இடத்திலும். அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒட்டுவாரொட்டியும் அல்ல. உடல் எடையும் புகைப்பழக்கமும் இதைக் கூட்டும், குடும்பத்தில் சிலருக்கு வழிவழியாகவும் வரும். ஒவ்வொரு தடவையும் கீறி விடுவதால் அந்த நேரத்து வலி அடங்குமே தவிர நோய் அடங்காது. மாதக்கணக்கில் போட வேண்டிய மாத்திரைகள் இருக்கின்றன. கடுமையாக இருந்தால் அடாலிமுமாப் என்ற ஊசி இருக்கிறது, 2015 முதல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி பெற்றது, விலைதான் கைக்கு எட்டாதது. உலகெங்கும் இந்த நோயாளிகள் சரியான பெயர் தெரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதும் ஒரு பெண், நோயின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, "இதை எங்க மாமியார்கிட்டக் காட்டணும் சார்" என்றாராம். மருந்துச்சீட்டைவிட அவருக்கு அது முக்கியமாக இருந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்து காடு பச்சை பிடித்ததும் வேறொரு வகைக் கட்டி வரும்.

ஒரு வாரமாகக் காய்ச்சல். தலைவலி தாங்கவில்லை. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு மாத்திரை போட்டும் குறையவில்லை. கம்புக்கூட்டில் தொட்டால் வலிக்கிற மாதிரி ஒரு நெறி. இப்படி வந்தால் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுவார்; பெண்ணாக இருந்தால் சிஸ்டரை வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால், ஓரிடம் விடாமல் பார்க்கச் சொல்வார். கம்புக்கூட்டு மடிப்பு, மார்பகத்தின் அடி, இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் வரி, தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம். தேடுவது ஒரு பொருக்கு. நடுவில் கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் சிவந்த வளையத்தோடு, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் அது இருப்பதே உடம்புக்காரருக்குத் தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலின் கையெழுத்து அது. பத்திரிகைகள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். புதர்க்காட்டில், உயரமான புல்லில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிரியின் குஞ்சு, உடையும் தோலும் இறுகும் இடமாகப் பார்த்துக் கடிக்கிறது. ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற கிருமி அந்தக் கடிவாய் வழியே உள்ளே போகிறது. கடித்த இடத்துக்குப் பக்கத்து நெறிதான் முதலில் வீங்கும்.

பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. இருந்தால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மாத்திரையின் விலை ஒரு சாப்பாட்டுக்கும் குறைவு. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதித்து உயிரையே எடுக்கும். முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இப்படி ஒரு வைத்தியம் நம்மூர் நோயாளிகளிடமிருந்து கிளம்பியிருக்கிறது என்பதை அவர் பெருமையாகச் சொல்வார்.

ஓடைக்கரை முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிற ஒரு ஊரிலிருந்து ஆடு மேய்க்கும் அம்மா ஒருவரை மகன் தூக்காத குறையாகக் கூட்டி வந்தான். நெறி வலது கம்புக்கூட்டில். கையில் கீறல்களுக்குப் பஞ்சமில்லை, எதுவும் புதிதில்லை. சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். வலது மார்பகத்தின் அடி மடிப்பில், வியர்வைப் பவுடர் அப்பியிருந்த இடத்தில், பொருக்கு. "இது அரணாக்கயிறு பட்ட புண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. அரைஞாண் அங்கே எப்படி ஏறும் என்று யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

காய்ச்சலும் கம்புக்கூட்டு நெறியும் சேர்ந்து வந்தால் நூறு வருடத்துக்கு முன்னால் ஊரே காலியாகியிருக்கும். பிளேக்கில் வீங்குவதும் இதே நெறிகள்தான், தொடை இடுக்கிலும் கம்புக்கூட்டிலும். 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் அந்தக் கிருமியைப் பிடித்தது இறந்தவர்களின் வீங்கிய நெறியிலிருந்து. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவில்கள் இன்றும் இருக்கின்றன. 1994இல் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தபோது இங்கே வடக்கேயிருந்து வந்த லாரி டிரைவர் இருமினால்கூட ஒதுங்கினார்கள் என்கிறார் மருத்துவர்.

கட்டி இல்லாத கட்டியும் உண்டு. கம்புக்கூட்டிலிருந்து முதுகுவரை ஒரே பக்கமாக எரிகிறது, சட்டை உரசினாலே உயிர் போகிறது என்பார்கள். தோலில் ஒன்றும் தெரியாது. அழுத்தினால் ஒரு சின்ன நெறி வலிக்கும். இரண்டு மூன்று நாளில் பட்டையாகக் கொப்புளங்கள் கிளம்பும். அக்கி. சின்ன வயதில் வந்துபோன அம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப எழும்புவது. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். ஆனால் சனம் முதலில் போவது மண்பானை செய்யும் வேளாரிடம், காவியால் அக்கி எழுதிக்கொள்ள. மருத்துவர் அதைத் தடுப்பதில்லை. "தாராளமா எழுதிக்கிடுங்க பெரியப்பா, ஆனா மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயி எழுதுங்க" என்று சொல்லிவிடுவார். சண்டை போட்டால் நோயாளி வேளாரிடமே நின்றுவிடுவார் என்பது அவர் கணக்கு.

கைக்குழந்தைக்கு இடது கம்புக்கூட்டில் கட்டி என்றால் பாட்டியும் அம்மாவும் சேர்ந்து அழுதுகொண்டு வருவார்கள். இங்கும் கையைத்தான் பார்ப்பார்: இடது புஜத்தில் பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு. அந்த ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள காசநோய்க் கிருமி. 1921இல் பாரிசில் முதலில் ஒரு குழந்தைக்குக் கொடுத்தது; 1948இல் சென்னை கிண்டியில் அதற்கென்று ஆய்வுக்கூடமே வந்துவிட்டது. ஊசிக்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ சில குழந்தைகளுக்கு அதே பக்கம் நெறி கட்டும். வலி இருக்காது, பிள்ளை பால் குடிக்கும், சிரிக்கும். பெரும்பாலும் தானே கரையும். சீழ் கோத்துவிட்டால் ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம். கத்தியால் கீறினால் ஆறாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் செய்ய வேண்டாம் தாயி" என்பதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ஒன்றும் செய்யாத டாக்டருக்கு எதற்கு ஃபீஸ் என்று ஒரு பாட்டி கேட்டிருக்கிறார்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் இரண்டு கம்புக்கூட்டிலும் வீங்கி விண்விண்ணென்று தெறிக்கிறது என்று வருகிற தாய்க்கும் நோய் ஒன்றுமில்லை. கருவில் கம்புக்கூட்டிலிருந்து தொடை இடுக்குவரை பால் சுரப்பிக்கான கோடு ஒன்று ஓடுகிறது. மார்பில் மட்டும் மிஞ்சி மற்ற இடங்களில் மறைய வேண்டியது சிலருக்குக் கம்புக்கூட்டில் கொஞ்சம் தங்கிவிடுகிறது. பால் கட்டும்போது அதுவும் கட்டும். அமுக்கிப் பிழியக்கூடாது. குளிர்ந்த துணி ஒத்தடம், வலிக்கு ஒரு மாத்திரை, சில நாளில் வற்றிவிடும். 2021இல் கொரோனா தடுப்பூசி போட்ட பக்கம் நெறி கட்டியதும் இந்தப் பயமில்லாத கணக்கில் சேர்ந்ததுதான். அந்த வருடம் மட்டும் அவர் கையைக் காட்டச் சொல்வதற்கு முன்பே எந்தக் கையில் ஊசி என்று கேட்க வேண்டியிருந்தது.

வலிக்கிற கட்டிகளைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை கிடையாது. வலி வந்தால் மனிதன் தானாக வருவான். வலி போன பிறகு மிஞ்சி நிற்கும் கட்டிதான் அவரை யோசிக்க வைப்பது. தொற்றில் வீங்கிய நெறி மூன்று, நான்கு வாரத்தில் சுருங்கியாக வேண்டும். சுருங்கவில்லையென்றால் ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும். ஆனால் வலி நின்றவர் எதற்குத் திரும்பி வருவார்? ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு ஆகும். தேதி சொன்னால் மறந்துவிடும் என்று, "வார அமாவாசைக்கு அடுத்த அமாவாசை" என்று நாள்காட்டித் தாளில் எழுதிக் கொடுப்பார். அமாவாசையை யாரும் மறப்பதில்லை.

அப்படித் திரும்பி வந்தவர்களில் சிலருக்குக் காசநோய். கழுத்து நெறியில்தான் அது அதிகம், கம்புக்கூட்டிலும் வரும். இரண்டு மூன்று நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சூடோ சிவப்போ இல்லாமல் மெதுவாகச் சீழ் கோக்கும். ஊசியில் எடுத்த சீழைச் சிபிநாட் கருவியில் வைத்தால் கிருமி இருக்கிறதா, முக்கிய மருந்துக்குக் கட்டுப்படுமா என்பது அன்றே தெரிந்துவிடும். ஆறு மாதம் மாத்திரை, அரசு இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்கென்று வங்கிக் கணக்கில் வரும் மாதப் பணம் 2024 நவம்பரிலிருந்து 500 ரூபாயில் இருந்து 1000 ஆகியிருக்கிறது.

இன்னும் சிலருக்கு நிணநீர்ப் புற்று. சிலருக்கு மார்பகப் புற்று. 2022இல் இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று கண்டறியப்பட்டதாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. புற்று மெதுவாக வளர்வதால் கணுவின் உறை திடீரென்று இழுபடுவதில்லை, ஆகவே பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. பெரும்பாலும் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்வார். வலிக்கிறது என்பதாலேயே புற்று இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் காயம் இருந்தாலும் பெண்ணென்றால் இரண்டு மார்பகத்தையும் பார்க்காமல் அவர் அனுப்புவதில்லை. ஆண்களுக்கும் அபூர்வமாக வரும், அவர்களையும் பார்ப்பார்.

பருத்தி எடுக்கிற ஒரு அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், இடது கையில் நகச்சுற்றும் கம்புக்கூட்டில் வலியுமாக வந்தார். வலிக்கான காரணம் விரலிலேயே இருந்தது. சிஸ்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு மார்பகத்தைப் பார்த்தபோது, கையைத் தூக்கினால் ஓரிடத்தில் தோல் லேசாக உள்வாங்கியது. வலிக்கிற நெறிக்கு மேலே, குழியின் உச்சியில், வலிக்காத இன்னொன்று கெட்டியாக இருந்தது. விரல் ஒரு வாரத்தில் ஆறியது. மாமோகிராமும் ஊசித் திசுப் பரிசோதனையும் மற்றதை உறுதி செய்தன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வெளியூரில் சிகிச்சை. முதலில் மருந்து, பிறகு மார்பகத்தையும் கம்புக்கூட்டு நெறிகளையும் எடுக்கும் அறுவை, பிறகு கதிர்வீச்சு.

எல்லாம் முடிந்து, தலையில் முடி மறுபடி வளர்ந்த பிறகு வந்து அவர் கேட்டது ஒரே கேள்வி. "பருத்திக்குப் போகலாமா சார்?"

நெறிகளை எடுத்த கை சிறு கீறலையும் தாங்காது. கிருமி புகுந்தால் தடுக்க ஆள் குறைவு, நீர் வடிய வழியும் குறைவு. கை வீங்கிக் கனத்து அப்படியே நின்றுவிடக்கூடும். போகலாம், ஆனால் இடது கைக்கு உறை போடணும், முள் குத்தினால் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவணும், கை சிவந்தாலோ சூடேறினாலோ மறுநாள் என்று தள்ளாமல் வரணும் என்றார் மருத்துவர்.

"உறையைப் போட்டுக்கிட்டு எடுத்தா ஓட்டுலேர்ந்து பஞ்சு பிரியாதே சார். வெள்ளப் பருத்தியோட சருகும்லா வரும். எடைக்கு எடுக்கறவன் ஏத்துக்கிட மாட்டான்."

மருத்துவப் பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சிஸ்டரின் அம்மாவும் பருத்தி எடுப்பவர்தான். வலது கையால் எடுத்து, உறை போட்ட இடது கையால் செடியை மட்டும் வளைத்துப் பிடிக்கலாம் என்று யோசனை சொன்னது சிஸ்டர். கூலி கொஞ்சம் குறையும். அந்த அம்மா அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் எடுத்தார். நடுவில் ஒரு தடவை முன்கை சிவந்தது. அன்று மத்தியானமே, பாதி நிரை மிச்சம் கிடக்க, பஸ் ஏறி வந்துவிட்டார்.